வாக்கர் என்றால் நடப்பவர் இல்லையாம்!

#1 சொல்வேட்டை

எங்கள் அலுவலகத்துக்குப் புதிதாக ஒரு மேலாளர் வந்திருக்கிறார். வடக்கு இங்கிலாந்துக்காரர். குடும்பப் பெயர் வாக்கர். முதல் நாள் கூட்டத்திலேயே நம் பையன் ஒருவன், "சார், நீங்க ரொம்ப நடப்பீங்களோ?" என்று கேட்டுவிட்டான். எல்லோருக்கும் திக்கென்றது. அவர் கோபப்படவில்லை. "என் முன்னோர்கள் நாளெல்லாம் நடந்தார்கள், ஆனால் ஓர் அடிகூட முன்னால் போகவில்லை" என்றார் சிரித்தபடி. அதற்குள் கூட்டம் தொடங்கிவிட்டதால் விளக்கம் கேட்க முடியவில்லை.

இரண்டு நாளாக மண்டையைக் குடைகிறது. செக்கு மாடு மாதிரி எதையாவது சுற்றினார்களா? யாருக்காவது விடை தெரியுமா?

#2 சும்மா_வந்தேன்

இதற்கு ஓர் இழையா? டாஸ்மாக் பக்கம் போகும் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். ஜானி வாக்கர் விஸ்கி பாட்டிலில் ஒருத்தர் தொப்பி போட்டுக்கொண்டு விறுவிறுவென்று நடக்கிறாரே, அவர்தான் வாக்கர். வழக்கு முடிந்தது.

#3 பழையபேப்பர்

அந்தப் படத்தை நம்பாதீர்கள் தம்பி. அந்த விஸ்கிக்குப் பெயர் தந்த ஜான் வாக்கர் ஸ்காட்லாந்தில் கில்மார்னக் என்ற ஊரில் மளிகைக் கடை போட்டது 1820இல். நடக்கும் ஆசாமியை டாம் பிரவுன் என்ற கேலிச்சித்திரக்காரர் வரைந்தது 1908இல். பெயரை வைத்து விளையாடிய விளம்பரம் அது.

சொல்வேட்டையின் விடுகதைக்கு விடை: துணி மிதிப்பவர். இடைக்கால இங்கிலாந்தில் தறியிலிருந்து இறக்கிய கம்பளித் துணியைத் தொட்டியில் போட்டு, தண்ணீரும் இன்னொரு சமாசாரமும் ஊற்றி, மணிக்கணக்கில் காலால் மிதிப்பார்கள். நின்ற இடத்திலேயே நடை. அதைச் செய்தவர் வாக்கர். அந்த இன்னொரு சமாசாரம் என்னவென்று அப்புறம் சொல்கிறேன். இப்போது பலர் சாப்பிட்டுக்கொண்டிருப்பீர்கள்.

#4 சொல்வேட்டை

அட! ஆனால் ஏன் மிதிக்க வேண்டும்? புதுத் துணிதானே, அழுக்கு எங்கிருந்து வந்தது?

#5 தறிவீட்டுப்பிள்ளை

மூன்று தலைமுறையாகத் தறிக் குடும்பம் எங்களுடையது. பருத்தியும் பட்டும் மட்டும் பார்த்த கண்ணுக்கு இது விளங்காது. எனக்கும் ரொம்ப நாள் விளங்கவில்லை. நம் ஊரில் தறியிலிருந்து அறுத்தால் வேட்டி வேட்டிதான், மடித்துக் கடைக்கு அனுப்பலாம்.

கம்பளி அப்படி இல்லை. ஆட்டு மயிரின் மேல் மீன் செதிள் போல நுண்ணிய செதிள்கள் உண்டு. ஈரம், சூடு, அடி மூன்றும் சேர்ந்தால் மயிர்கள் ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும், திரும்பப் பிரிக்க முடியாது. (கம்பளி ஸ்வெட்டரை வாஷிங் மெஷினில் போட்டுக் குழந்தைச் சட்டை ஆக்கியவர்கள் கை தூக்கவும்.) தறியிலிருந்து இறங்கும்போது அந்தத் துணி சல்லடைபோல் தொளதொளவென்று இருக்கும். மிதிக்க மிதிக்கச் சுருங்கி, இழை இறுகி, குளிரும் தூறலும் லேசில் புகாத கனத்த துணியாகும். கூடவே ஆட்டின் உடம்பிலிருந்து வந்த மெழுகும், நூற்கும்போது தடவிய எண்ணெயும் போயாக வேண்டும். பிசுக்கு இருந்தால் சாயம் ஒட்டாது.

#6 பழையபேப்பர்

அருமை. பிசுக்கு எப்படிப் போகும் என்பதுதான் நான் தள்ளி வைத்த சமாசாரம். மூத்திரம். புதியது உதவாது, பல நாள் புளித்தது வேண்டும். வைக்க வைக்க அதிலுள்ள யூரியா சிதைந்து அம்மோனியா ஆகும், அம்மோனியா கொழுப்போடு சேர்ந்து சோப்பு மாதிரி வேலை செய்யும். ரோமானியர்கள் செய்ததும் இதுதான். எரிமலையில் புதைந்த பொம்பேயி நகரத்தில் துணி மிதிக்கும் பட்டறைகள் தொட்டியோடு தோண்டி எடுக்கப்பட்டிருக்கின்றன. மூத்திரத்துக்கே வரி போட்ட வெஸ்பாசியன் என்ற பேரரசரும் அங்கே உண்டு.

1698இல் இங்கிலாந்தின் தென்மேற்கில் எக்ஸெட்டர் நகரத்துக்குக் குதிரையில் போன சீலியா ஃபீன்ஸ் என்ற பெண்மணி, முதலில் துணியை மூத்திரத்தில் ஊறப் போடுகிறார்கள், பிறகு சோப்புப் போடுகிறார்கள், பிறகு ஆலையில் இடிக்கிறார்கள் என்று வரிசையாக எழுதி வைத்திருக்கிறார். முகம் சுளித்ததாகவே தெரியவில்லை.

#7 சும்மா_வந்தேன்

சாப்பாட்டு நேரம் தாண்டியும் எனக்குப் பிரயோஜனமில்லை அண்ணே. ராத்திரிக்கு வேண்டாம் என்று வீட்டில் சொல்லிவிட்டேன்.

#8 பழையபேப்பர்

இன்னொன்றையும் கேளுங்கள், அது வாசனையானது. மூத்திரத்தோடு ஒரு களிமண்ணும் போடுவார்கள், எண்ணெயை உறிஞ்ச. ஆங்கிலத்தில் அதற்கு ஃபுல்லர்ஸ் எர்த் என்று பெயர். ஃபுல்லர் என்றாலும் துணி மிதிப்பவர்தான். துணி மிதிப்பவரின் மண்.

#9 மஞ்சள்பூசி

ஒரு நிமிடம். ஃபுல்லர்ஸ் எர்த் என்று முல்தானி மட்டிப் பொட்டலத்தில் போட்டிருக்குமே! முகத்தில் எண்ணெய் வழிந்தால் பன்னீரில் குழைத்துப் போடுவோம். ஃபுல்லர் யாரோ அதைக் கண்டுபிடித்த விஞ்ஞானி என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

#10 பழையபேப்பர்

அதேதான் அம்மா. ஆட்டு மயிரில் செய்த வேலையை உங்கள் முகத்தில் செய்கிறது.

#11 காட்டுவழி

கொஞ்சம் மாற்றுக் கருத்து. வாக்கர் என்பது வனக் காவலரைக் குறிக்கும் என்று படித்திருக்கிறேன். இங்கிலாந்தில் அரச காடுகளை 'வாக்' என்று பகுதி பகுதியாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு காவலர் போடுவார்கள். ரோந்து போகிறவர், ஆகவே வாக்கர். மூத்திரத் தொட்டியைவிட இது கௌரவமாகவும் இருக்கிறது.

#12 பழையபேப்பர்

கௌரவமாக இருப்பதால்தான் அந்த விளக்கத்துக்கு இவ்வளவு ஆயுள் என்று நினைக்கிறேன். 'வாக்' என்ற காட்டுப் பிரிவு உண்மை, அப்படி ஒரு காவலர் இருந்ததும் உண்மை. ஆனால் அந்த வழக்கு பெருகியதெல்லாம் பிற்காலத்தில். துணி மிதிப்பவருக்கு வாக்கர் என்ற சொல் அதற்கு வெகு முன்பே, பிரான்சிலிருந்து நார்மானியர் வந்து இங்கிலாந்தைப் பிடிப்பதற்கு முந்தைய பழைய ஆங்கிலத்திலேயே இருக்கிறது. 'வெயால்கெரெ' என்று ஒலிக்கும். துணி மிதிப்பவரைக் குறிக்கும் 'ஃபுல்லோ' என்ற லத்தீன் சொல்லுக்கு அந்தக் காலத்து ஆட்கள் எழுதி வைத்த பொருள் அது.

இன்னும் வேடிக்கை ஒன்று உண்டு. அப்போது 'வாக்' என்பதற்கு நடப்பது என்ற பொருளே கிடையாது. உருட்டு, புரட்டு, கடல் அலைபோல் அலைக்கழி என்பவைதான் பொருள். 'வாக்' நடையாக மாறியது 1200ஐ ஒட்டித்தான். ஜெர்மன் மொழியில் இன்றைக்கும் 'வால்கன்' என்றால் கம்பளியை இடித்து இறுக்குவது. ஆக, நடக்கிறவர் வாக்கர் ஆகவில்லை. நடப்பதற்கு 'வாக்' என்ற சொல் வருவதற்கு முன்பே வாக்கர் வேலையில் இருந்தார்.

#13 காட்டுவழி

சரி, ஒப்புக்கொள்கிறேன். அண்ணன் மருமகப்பிள்ளை மாதிரி மெதுவாகக் குத்துகிறீர்கள்.

#14 லீட்ஸ்_குளிர்

இழையைத் தாமதமாகப் பார்த்தேன். நான் பதினோரு வருடமாக வடக்கு இங்கிலாந்தில் யார்க்‌ஷயரில் மருத்துவமனை வேலை. இங்கே கல்லெறிந்தால் ஒரு வாக்கர் மேல் விழும். முன்பு தென்மேற்கில் டெவன் பக்கம் இரண்டு வருடம் இருந்தேன், அங்கே நோயாளிப் பட்டியலில் வாக்கர் குறைவு, டக்கர் நிறைய. ஏன் என்று ஒரு வயதான நர்ஸம்மாவைக் கேட்டேன். "இரண்டும் ஒன்றுதான் கண்ணு, அங்கே மிதித்தவர்கள் வாக்கர், இங்கே மிதித்தவர்கள் டக்கர்" என்றார். அன்று தொடங்கிய பைத்தியம் எனக்கு.

ஒரே தொழிலுக்கு மூன்று வட்டாரத்தில் மூன்று சொல். வடக்கிலும் மத்திய மேற்கிலும் ஸ்காட்லாந்திலும் வாக்கர். கென்ட், சசெக்ஸ், நார்ஃபோக் என்று தென்கிழக்கிலும் கிழக்கிலும் ஃபுல்லர். டெவன், சாமர்செட், கார்ன்வால் பக்கம் டக்கர். 1881 மக்கள்தொகைக் கணக்கெடுப்பை வைத்து வரைந்த குடும்பப் பெயர் வரைபடங்கள் இணையத்தில் கிடைக்கின்றன. ரயில் வந்து ஐம்பது வருடம் ஆன பிறகும் மூன்று பெயரும் ஏறக்குறைய அந்தந்த மூலையிலேயே குவிந்து கிடக்கின்றன. ஊர்ப் பெயர்களும் அப்படித்தான். வடக்கே வாக்மில், கார்ன்வாலில் கேம்போர்ன் பக்கத்தில் டக்கிங்மில். எக்ஸெட்டரில் நெசவாளர், துணி மிதிப்பவர், மயிர் கத்தரிப்பவர் மூவரும் சேர்ந்த சங்கத்துக்கு 1471இல் கட்டிய மண்டபம் இன்னும் நிற்கிறது. அதற்குப் பெயர் டக்கர்ஸ் ஹால்.

#15 சொல்வேட்டை

டக்கர்! (நம் டக்கர் வேறு என்று தெரியும், சொல்லாமல் இருக்க முடியவில்லை.) அந்தச் சொல் எங்கிருந்து வந்தது?

#16 லீட்ஸ்_குளிர்

பழைய ஆங்கிலத்தில் 'டூக்கியன்' என்றால் வதைப்பது. துணியை வதைப்பவர் டக்கர். ஃபுல்லர் லத்தீனிலிருந்து வந்தது, துணை நின்றது நார்மானியர் கொண்டுவந்த பிரெஞ்சு, அதில் 'ஃபூலே' என்றால் மிதி. உருட்டுபவர், மிதிப்பவர், வதைப்பவர். பார்ப்பவர் கண்ணுக்கு எது பட்டதோ அது பெயரானது.

ஒரு கிளைக்கதை. 1620இல் மேஃபிளவர் கப்பலில் அமெரிக்கா போனவர்களில் எட்வர்ட் ஃபுல்லர், சாமுவேல் ஃபுல்லர் என்று இரண்டு சகோதரர்கள் உண்டு. எந்த ஊர் என்று தேடினால் நார்ஃபோக்கில் ரெடன்ஹால். ஃபுல்லர் இருக்க வேண்டிய மூலையிலிருந்தே போயிருக்கிறார்கள்.

#17 தறிவீட்டுப்பிள்ளை

எனக்கு ஒரு சந்தேகம். தண்ணீரில் ஓடும் இடிப்பு ஆலை இங்கிலாந்தில் எப்போது வந்தது? அது வந்த பிறகு காலால் மிதிக்க ஆள் எதற்கு? தொழில் போனால் பெயரும் போயிருக்க வேண்டாமா?

#18 பழையபேப்பர்

நல்ல இடத்தில் கை வைத்தீர்கள். இந்தக் கதையில் எனக்கு ரொம்பப் பிடித்த இடம் இது, கொஞ்சம் நீளமாகப் போகிறேன்.

1185இல் டெம்ப்ளர் என்ற சிலுவைப்போர் காலத்து வீரத்துறவிகள் தங்கள் சொத்துகளைக் கணக்கெடுத்த பதிவில்தான் இங்கிலாந்தின் இடிப்பு ஆலைகள் முதன்முதலாகத் தலைகாட்டுகின்றன. யார்க்‌ஷயரில் ஒன்று, கிளஸ்டர்‌ஷயரில் ஒன்று. ஆற்றுத் தண்ணீர் சக்கரத்தைச் சுற்றும், அச்சில் உள்ள முனைகள் இரண்டு பெரிய மரச் சம்மட்டிகளை மாறி மாறித் தூக்கிப் போடும். கீழே தொட்டியில் துணி. பக்கத்தில் ஒரே ஆள் நின்று துணியைப் புரட்டிவிட்டால் போதும். அடுத்த நூறு வருடத்தில் இந்த ஆலைகள் நாடெங்கும் பரவின. 1941இல் எலினோரா காரஸ்-வில்சன் என்ற வரலாற்றாசிரியர் இதைப் 'பதின்மூன்றாம் நூற்றாண்டின் தொழிற்புரட்சி' என்றே எழுதினார். தண்ணீர் வேகமாக ஓடும் மேட்டு நிலங்களுக்குத் துணித் தொழில் நகர்ந்தது இதனால்தான் என்பது அவர் வாதம். அவர் சற்று மிகைப்படுத்திவிட்டார் என்று பிறகு வந்தவர்கள் சண்டை போட்டார்கள், அது தனிக் கதை.

எல்லோரும் சந்தோஷமாக ஆலைக்குப் போகவும் இல்லை. ஆலை நிலப்பிரபுவுடையது, இடிப்பதற்குக் கூலி அவருக்குப் போகும். செயின்ட் ஆல்பன்ஸ் மடத்தின் தலைவர், என் ஆலையில்தான் துணி இடிக்க வேண்டும் என்று அடம்பிடிக்க, ஊர்க்காரர்கள் வீட்டிலேயே மிதித்துக்கொள்வோம் என்று மல்லுக்கு நின்றார்கள். 1274இல் வழக்கே நடந்தது. காலால் மிதிப்பது இலவசம், சம்மட்டிக்குக் காசு. யார்தான் விடுவார்கள்?

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். இங்கிலாந்தில் பட்டப் பெயர் பரம்பரைப் பெயராக உறைந்ததும் இதே காலத்தை ஒட்டித்தான். தெற்கில் பெரும்பாலும் 1350க்குள், வடக்கில் இன்னும் நூறு வருடம் கழித்து. ஆலையில் சம்மட்டி இடித்தாலும் அதை நடத்துபவரை ஊர் வாக்கர் என்றே கூப்பிட்டது. லாரி ஓட்டுபவரையும் 'வண்டிக்காரர்' என்பதில்லையா, அப்படி. ஆக, கால் ஓய்ந்துகொண்டிருந்த நேரத்தில்தான் பெயர் ஒட்டிக்கொண்டது. வாக்கர் என்று பெயர் உறைந்தவர்களில் எத்தனை பேர் வாழ்நாளில் ஒரு துணியையாவது காலால் மிதித்திருப்பார்கள் என்பதே சந்தேகம்.

#19 தறிவீட்டுப்பிள்ளை

போதும் ஐயா, திருப்தி. மிதித்த துணி சுருங்கிக் கோணலாகுமே, அதை எப்படி நேராக்கினார்கள் என்று நானே தேடினேன். திறந்த வெளியில் நீளமான மரச்சட்டம் நட்டு, வரிசையாகக் கொக்கிகளில் மாட்டி இழுத்துக் காயப் போடுவார்களாம். சட்டத்துக்கு டென்டர் என்று பெயர். பதற்றத்தில் இருப்பதை ஆங்கிலத்தில் 'ஆன் டென்டர்ஹுக்ஸ்' என்பார்களே, அது இந்தக் கொக்கிதான். லண்டனில் ஸ்பிட்டல்ஃபீல்ட்ஸ் பகுதியில் டென்டர் கிரவுண்ட் என்று தெருவே இருக்கிறது. படித்ததும் எங்கள் தெருவில் விடியற்காலை பாவு விரித்துக் கஞ்சி போட்டதுதான் நினைவுக்கு வந்தது. அந்த நேரத்தில் யாராவது சைக்கிளில் குறுக்கே வந்தால் தாத்தா வாயில் வராத வார்த்தை கிடையாது.

அதற்கடுத்து டீசல் என்ற செடியின் முள்தலையால் துணியைச் சீவி மயிரை எழுப்புவார்களாம் (வண்டிக்கு ஊற்றுவது இல்லை). எழுந்த மயிரைப் பெரிய கத்தரியால் மட்டமாக வெட்டுபவர் ஷியர்மன். அவர் பெயர்தான் ஷெர்மன் ஆனது. அமெரிக்கத் தளபதி, அவர் பெயரில் டாங்கி எல்லாம்.

#20 மலையகத்தான்

இலங்கையிலிருந்து ஒரு கேள்வி. எங்கட பக்கம் வாக்கர்ஸ் என்ற பெயர் தெரியாத ஆள் இல்லை. கோப்பிக் காலத்தில், 1854இல் கண்டியில் ஜோன் வாக்கர் தொடங்கின எஞ்சினியரிங் கம்பெனி அது. துணிக்கும் அதுக்கும் ஒரு தொடர்புமில்லை என்று விளங்குது. ஆனால் ஸ்கொட்லாந்து வாக்கரும் ஆங்கில வாக்கரும் ஒரே வழியில் வந்த பெயரா?

#21 லீட்ஸ்_குளிர்

பாதி ஆம், பாதி இல்லை. தெற்கு ஸ்காட்லாந்தில் பேசிய ஸ்காட்ஸ் மொழி ஆங்கிலத்தின் உடன்பிறப்பு, அங்கே வாக்கர் நேரடியாக வந்தது. வடமேற்கு மலைப்பகுதியில் கேலிக் மொழி. அங்கே 'மாக் அன் ஊக்கடர்' என்று பெயர், துணி மிதிப்பவர் மகன் என்று பொருள். ஆங்கிலத்தில் எழுத வேண்டி வந்தபோது பலர் அதை வாக்கர் என்று பெயர்த்துக்கொண்டார்கள். உச்சரிப்பு மட்டும் மாறியதல்ல, பெயரே மொழிபெயர்ந்துவிட்டது. வேல்ஸில் குடும்பப் பெயர் பெரும்பாலும் தகப்பன் பெயரிலிருந்து வந்ததால் இந்தத் தொழில் ஊர்ப் பெயரில் மட்டும் தங்கியது. 'பாண்டி' என்றால் இடிப்பு ஆலை, டோனிபாண்டி என்ற சுரங்க ஊர் தெரிந்திருக்கும்.

ஸ்காட்லாந்தின் மேற்குத் தீவுகளில் இந்தத் தொழில் பெண்களுடையது. மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஈரத் துணியைத் தட்டித் தட்டிப் பக்கத்தில் இருப்பவருக்குத் தள்ளுவார்கள். ஒருத்தி பாட, மற்றவர்கள் எடுத்துப் பாடுவார்கள். நம் நடவுப் பாட்டைக் கேட்டவர்களுக்குத் தாளம் உடனே பிடிபடும். 1772இல் அங்கே பயணம் போன தாமஸ் பென்னன்ட்டின் நூலில் இதற்குப் படமே இருக்கிறது, சிலர் கையால் தட்ட, சிலர் காலால் மிதிக்கிறார்கள். இருபதாம் நூற்றாண்டிலும் நடந்திருக்கிறது, பாட்டுகளை ஒலிப்பதிவு செய்து வைத்திருக்கிறார்கள். தேடிக் கேளுங்கள்.

#22 சிங்கைச்சில்லு

அப்படியானால் எங்கள் சிங்கப்பூர் ஃபுல்லர்டன் ஹோட்டலும் துணி மிதிப்பவர் ஊர்தானா?

#23 பழையபேப்பர்

எல்லோரும் விழும் குழி அது! நானும் விழுந்திருக்கிறேன். ஃபுல்லர்டனில் இருப்பது ஃபௌலர், பறவை பிடிப்பவர். பறவை பிடிப்பவர்களின் குடியிருப்பு என்ற ஊர்ப் பெயரிலிருந்து வந்த குடும்பப் பெயர். உங்கள் கட்டடத்துக்குப் பெயர் தந்த ராபர்ட் ஃபுல்லர்டன் 1826இல் பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் சேர்ந்த நீரிணைக் குடியேற்றங்களின் முதல் ஆளுநர் ஆனவர். அதற்கு முன் மதராஸில் கும்பெனி வேலை பார்த்தவர் என்பதால் நமக்கும் தூரத்து உறவு.

#24 கரிமவாத்தியார்

பிளஸ் டூ வேதியியல் நடத்துகிறேன். அறுபது கார்பன் அணுக்கள் சேர்ந்த கால்பந்து மூலக்கூறு, ஃபுல்லரீன். 1985இல் கண்டுபிடித்தார்கள், 1996இல் நோபல். வட்டக் கூரைக் கட்டடங்களுக்குப் பெயர்பெற்ற பக்மின்ஸ்டர் ஃபுல்லர் நினைவாக வைத்த பெயர் என்று வருடா வருடம் சொல்கிறேன். இந்த வருடம் மூத்திரத் தொட்டியிலிருந்து ஆரம்பிக்கப் போகிறேன். கடைசி பெஞ்சும் கவனிக்கும்.

#25 பெட்டிக்கடை

நடுவில் என் சோகம். வெளிநாட்டுச் சுற்றுலாவில் ஒரு வணிக வளாகத்தில் குடும்பப் பெயர் சொன்னால் குலச்சின்னம் அச்சிட்டுத் தரும் கடை இருந்தது. எங்கள் வாடிக்கையாளர் ஒருவர் பெயர் வாக்கர், ஆசையாக ஒன்று வாங்கிச் சட்டம் போட்டுக் கொடுத்தேன். அவர் முகம் போன போக்கைப் பார்த்து ஏதோ தப்பு என்று மட்டும் புரிந்தது. என்ன தப்பு?

#26 லீட்ஸ்_குளிர்

இங்கிலாந்தில் குலச்சின்னம் பெயருக்குச் சொந்தமில்லை அண்ணே. ஒரு தனி ஆளுக்கு வழங்குவார்கள், அவர் வாரிசுகளுக்குப் போகும். அதைக் கவனிக்கவே 1484 முதல் லண்டனில் ஒரு நிறுவனம் இருக்கிறது. நீங்கள் கொடுத்தது வேறு யாரோ ஒரு வாக்கருடைய சின்னமாக இருக்கும். பக்கத்துத் தெரு கந்தசாமியின் பட்டாவை உங்கள் கந்தசாமிக்குச் சட்டம் போட்டுக் கொடுத்த மாதிரி.

#27 மஞ்சள்பூசி

அப்போ வாக்கர் எல்லாரும் ஒரே வம்சம் கிடையாதா?

#28 பழையபேப்பர்

கிடையாது. கம்பளி நெய்த ஊருக்கெல்லாம் மிதிப்பவர் வேண்டும், அந்தந்த ஊரில் தனித்தனியாக முளைத்த பெயர். 2009இல் லெஸ்டர் பல்கலைக்கழகத்தில் டுரி கிங், மார்க் ஜோப்லிங் இருவரும் நாற்பது குடும்பப் பெயர்களை எடுத்து, தகப்பன் வழியாக வரும் ஒய் குரோமோசோமை ஒப்பிட்டார்கள். அட்டன்பரோ போன்ற அரிய பெயர்க்காரர்களில் பெரும்பாலோர் ஒரே மூதாதை. ஸ்மித் போன்ற பெயரில் இரண்டு பேரைப் பிடித்தால், தெருவில் போகும் எவரோ இருவரைவிட நெருக்கம் ஒன்றுமில்லை. இங்கிலாந்தில் மிகப் பரவலான முதல் இருபத்தைந்து பெயர்களில் வருகிறது வாக்கர், அதுவும் ஸ்மித் ஜாதிதான். (இதே டுரி கிங்தான் பிறகு கார் நிறுத்துமிடத்தில் கிடைத்த மூன்றாம் ரிச்சர்ட் மன்னரின் எலும்புக்கூட்டுக்கு மரபணுச் சோதனை செய்தவர்.)

பெயர் ரத்தத்தில் மட்டும் போகாது என்பதற்கு இன்னொன்று. அமெரிக்காவில் கறுப்பினப் பெண்களுக்கான கூந்தல் தைலம் விற்றுப் பெரும் செல்வந்தரான மேடம் சி. ஜே. வாக்கர், 1867இல் பிறந்தபோது சாரா பிரீட்லவ். வாக்கர் அவர் கணவரின் பெயர்.

#29 காட்டுவழி

ஜாதி என்று நீங்களே சொன்னதால் கேட்கிறேன். தொழில்தான் பெயர் என்றால் நம் ஊர் சாதிப் பெயர் மாதிரி ஆகிவிடாதா?

#30 பழையபேப்பர்

ஜாதி என்று சொன்னது வாய்த் தவறு, ரகம் என்று படியுங்கள். பெயர் உறைந்தது, தொழில் உறையவில்லை. வாக்கர் மகன் தச்சராகலாம், ஃபுல்லர் மகளைக் கட்டலாம், யாரும் எதையும் கேட்கப் போவதில்லை. 1379இல் தலைவரி வசூலித்தபோது யார்க்‌ஷயரின் மேற்குப் பகுதிப் பட்டியலில் பலருக்குப் பெயரோடு தொழிலையும் எழுதினார்கள். பெயர் ஒன்று சொல்லும், தொழில் வேறொன்று சொல்லும். அப்போதே கழன்றுகொள்ளத் தொடங்கிவிட்டது. ஒப்பீட்டை இதற்கு மேல் இழுத்தால் இழை பூட்டப்படும், எனக்கு அனுபவம் உண்டு.

#31 சொல்வேட்டை

இன்று மதியம் மேலாளரைப் பிடித்துவிட்டேன். டீ குடித்துக்கொண்டிருந்தார். "சார், உங்கள் முன்னோர் நடந்தது தொட்டிக்குள்ளே" என்றேன். மனிதர் கோப்பையை வைத்துவிட்டுக் கை குலுக்கினார். அவர் இந்தியா வந்த பிறகு இதைச் சொன்ன முதல் ஆள் நான்தானாம். தொட்டியில் என்ன இருந்தது என்பதும் தெரியும் என்றேன். "அதை மற்றவர்களிடம் சொல்ல வேண்டாம்" என்றார்.

எந்தத் தலைமுறையில் துணித் தொழில் நின்றது என்று கேட்டேன், அவருக்குத் தெரியவில்லை. தாத்தா வரைக்கும்தான் தெரியுமாம். தாத்தா என்ன வேலை என்றேன்.

தபால்காரர். தினமும் பன்னிரண்டு மைல் நடை.

#32 சும்மா_வந்தேன்

நான் இரண்டாவது பதிவிலேயே சொன்னேன்!